ஏதாவது மனஸ்தாபம் இருந்தால்

மாதத்தின் முதல் ஞாயிறு வந்தாலே எனக்கு வயிறு எரியும்.

எங்கள் சபையில் அன்றைக்குத்தான் திருவிருந்து. அப்பத்தையும் திராட்சரசத்தையும் கொடுப்பதற்கு முன்னால் பாஸ்டர் ஐந்து நிமிடம் ஒதுக்குவார். யாருக்கு யார்மேல் வருத்தம் இருக்கிறதோ, எழுந்து போய்ப் பேசித் தீர்த்துக்கொண்டு வர வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆண்டவரே சொன்ன ஏற்பாடு. ஆனால் எங்கள் ஆட்கள் கையில் அகப்பட்டால் எதுதான் உருப்படும்? ஒவ்வொருவரும் அந்த ஐந்து நிமிடத்துக்குள் இருபது பேரிடம் கைகொடுத்து, "ஏதாவது மனஸ்தாபம் இருந்தா மன்னிச்சிடுங்க" என்பார்கள். "ஐயோ, அதெல்லாம் ஒன்னுமில்லையே" என்று பதில் வரும். முடிந்தது. போன மாதம் முழுக்க முதுகுக்குப் பின்னால் கரித்துக் கொட்டியவர்கள் சிரித்த முகத்தோடு அப்பம் வாங்க வரிசையில் நிற்பார்கள்.

நானும் நின்றிருக்கிறேன். இருபது வருஷம் நின்றிருக்கிறேன். அதைச் சொல்லாமல் அடுத்தவர்களை மட்டும் சொன்னால் என் வாய் வெந்துபோகும்.

அந்த ஐந்து நிமிடத்தில் என்னிடம் தவறாமல் வருகிறவர் ஸ்தோத்திரம். அது அவருடைய சொந்தப் பெயர் இல்லை. டீ ஆறிப்போனாலும் ஸ்தோத்திரம், மெஷின் நின்றுபோனாலும் ஸ்தோத்திரம் என்று சொல்வதால் நாங்கள் வைத்த பெயர். மருத்துவமனையின் சலவைப் பிரிவில் அவர் எனக்கு சூப்பர்வைசர். அங்கே அவர் என்னை "ஏம்மா" என்பார், நான் "சார்" என்பேன். சபையில் அவர் எனக்குப் பிரதர், நான் அவருக்கு சிஸ்டர். எனக்கும் வேலையிடத்தில் ஒரு பெயர் உண்டு. குக்கர். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும் என்பதால். அந்தக் குக்கர், போன வருஷம் விசில் அடித்தே ஆகவேண்டிய ஒரு நேரத்தில் அடிக்காமல் இருந்துவிட்டது. எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் சலவைப் பிரிவு மருத்துவமனையின் அடித்தளத்தில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. மேலே இருக்கிற வார்டுகளிலிருந்து அழுக்குத் துணி மூட்டை மூட்டையாக வரும். அதை நீள மேஜையில் கொட்டி, ஒவ்வொரு விரிப்பையும் பிரித்து உதறி, அப்புறம்தான் மெஷினில் போட வேண்டும். நோயாளிகள் படுக்கையில் எதை வேண்டுமானாலும் விட்டுவிடுவார்கள். ஸ்பூன், பேனா, மூக்குக்கண்ணாடி. ஒருமுறை ஒரு முழு பல்செட் மேஜையில் விழுந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. உதறும்போது சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்க வேண்டும், கிடைத்ததை எழுத வேண்டும். அது விதி.

அன்றைக்கு மேஜையில் நானும் புதுசும் இருந்தோம். புதுசு என்பதும் பட்டப்பெயர்தான். வேலைக்கு வந்து மூன்று வருஷம் ஆகியும் அவளுக்கு அடுத்து யாரும் வராததால் அவள் புதுசாகவே இருந்தாள். அதிகம் பேச மாட்டாள். எங்கள் சபை இல்லை, எந்தச் சபையும் இல்லை. எலும்புமுறிவு வார்டு மூட்டையைப் பாதி உதறியிருப்போம். மேலே விரிப்பு இல்லை என்று போன்மேல் போன். ஸ்தோத்திரம் பொறுமை இழந்து, மீதிப் பாதியை இரண்டு கையாலும் அள்ளி அப்படியே மெஷினுக்குள் திணித்துக் கதவைச் சாத்தினார். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம்.

ஒரு மணி நேரம் கழித்து மேனேஜர் இறங்கி வந்தார். அந்த வார்டில் ஒரு பெரியவரின் காது கேட்கும் கருவியைக் காணோம். சுண்டைக்காய் அளவுப் பொருள். குளிக்கும்போது கழற்றித் தலையணை ஓரம் வைத்தாராம், விரிப்பு மாற்றியபிறகு இல்லையாம். அவருடைய மகன் மேலே நின்று கத்துகிறானாம்.

"துணியை உதறினீங்களா?" என்று மேனேஜர் கேட்டார்.

"ஒவ்வொன்னா, என் கண்ணு முன்னால உதறினாங்க சார். மெஷின்லயும் பார்த்தாச்சு. ஒன்னும் இல்ல" என்றார் ஸ்தோத்திரம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை என் கண்ணெதிரே பார்த்தேன். உதறிய துணியில் பொருள் இல்லை, மெஷினிலும் இல்லை என்றால் என்ன அர்த்தம்? உதறினவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். மேனேஜர் எங்கள் பக்கம் திரும்பினார். மூத்தவள் என்பதால் முதலில் என்னைப் பையைக் கொண்டுவரச் சொன்னார்.

பத்துப் பேர் சுற்றி நிற்க, துணி மடிக்கும் மேஜையில் என் பையைக் கவிழ்த்தார்கள். டிபன் பாக்ஸ், குடை, மாத்திரை அட்டை, சின்ன வேதப்புத்தகம், அவசரத்துக்கு என்று சுருட்டி வைத்திருந்த மாற்று உள்பாவாடை. அதைக்கூட விரித்துப் பார்த்தார்கள். எனக்கு உச்சந்தலைவரை பற்றி எரிந்தது. காது கேட்கும் கருவியைத் திருடி நான் என்ன செய்யப்போகிறேன்? மாமியார் பேச்சை இன்னும் தெளிவாகக் கேட்கவா? "பாதித் துணியை உதறவே இல்ல, சார்தான் அள்ளிப் போட்டார்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஸ்தோத்திரம் என்னைப் பார்த்தார். திறந்த வாயிலிருந்து வேறொன்று வந்தது.

"என் பையை மட்டும் ஏன் கொட்டறீங்க? இவளும்தானே மேஜையில இருந்தா? இவ பையையும் பாருங்க!"

பார்த்தார்கள். புதுசின் பையில் கருவி இல்லை. வார்டு தட்டில் மிச்சமான இரண்டு ரொட்டித் துண்டு காகிதத்தில் சுற்றியபடி இருந்தது. மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது என்று ஒரு விதி. எல்லாரும் எடுத்துப் போவார்கள், நானும் எடுத்துப் போயிருக்கிறேன். அன்றைக்கு அவள் பையிலிருந்து விழுந்ததால் அது திருட்டாகிவிட்டது. "இதை எடுத்தவ அதை எடுக்க மாட்டாளா" என்று யாரோ சொன்னார்கள். அவள் ரொட்டியைத் திரும்பப் பைக்குள் வைக்கவும் இல்லை, குப்பையில் போடவும் இல்லை. மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனாள். மறுநாள் வேலைக்கு வரவில்லை. அப்புறமும் வரவில்லை.

போனால் போகட்டும் என்றிருந்தேன். அவள் வராததால் என்மேல் இருந்த சந்தேகம் பாதி குறைந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், "ஓடிட்டாளே, அப்புறம் என்ன?" என்பேன். மீதிப் பாதிச் சந்தேகம் மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை. நான் அலமாரிப் பக்கம் போனால் பேச்சு நிற்கும். கைப்பைகளின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்கும். பதினெட்டு வருஷம் கூட வேலை பார்த்தவர்கள்! ஸ்தோத்திரம் மட்டும் ஒவ்வொரு முதல் ஞாயிறும் வெள்ளைச் சட்டையில் வந்து, "சிஸ்டர், ஏதாவது மனஸ்தாபம் இருந்தா மன்னிச்சிடுங்க" என்பார். "ஒன்னுமில்ல பிரதர்" என்பேன். சொல்லிவிட்டுப் போய் அப்பத்தைக் கையில் வாங்குவேன்.

நான்கு மாதம் கழித்து இரண்டாம் நம்பர் மெஷினைப் பழுது பார்க்க மெக்கானிக் வந்தான். அழுக்குத் தண்ணீர் வெளியே போகிற குழாயில் ஒரு ஜல்லடை உண்டு. அதைக் கழற்றிப் பஞ்சை வழித்தபடியே சொன்னான்.

"இந்தத் தடவை ஒன்னும் இல்லக்கா. போன தடவை ஒரு காது மெஷின் கெடந்துது."

"எந்தத் தடவை?"

"அதான், மேலே ஒருத்தர் சத்தம் போட்டாராமே. அதுக்கு மூணாவது நாள். தண்ணி இறங்கலன்னு கூப்பிட்டாங்க. எடுத்து உங்க சார்கிட்டதான் குடுத்தேன். நான் பார்த்துக்கறேன்னு வாங்கி வச்சாரே, சொல்லலையா?"

மூன்றாவது நாளே! அதற்கப்புறம் நான்கு முதல் ஞாயிறு வந்துபோயிருக்கிறது. நான்கு முறை என் கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறார். அந்தக் கையை நான்கு தடவை சோப்பு போட்டுக் கழுவினாலும் ஆறாது போலிருந்தது. அப்போதே போய்க் கத்தியிருப்பேன். ஆனால் திருடி என்று பெயர் எடுத்தவள் தானே தன் பெயரைத் துடைத்துக்கொண்டால் யார் நம்புவார்கள்? மெக்கானிக் பெயரை இழுத்தால் அவன் பிழைப்பு போகும். மறைத்தவர் வாயால்தான் அது வர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அடுத்த முதல் ஞாயிறு வந்தது. கொஞ்ச வாரமாகவே பாஸ்டர் "ஆவிக்குரிய முதிர்ச்சி" என்று வரிசையாகப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். ஐந்து நிமிடம் கொடுத்ததும் ஸ்தோத்திரம் என் வரிசைக்கு வந்தார்.

"சிஸ்டர், ஏதாவது மனஸ்தாபம் இருந்தா மன்னிச்சிடுங்க."

"இருக்கு பிரதர்."

அவர் அதற்குள் அடுத்தவருக்குக் கை நீட்டியிருந்தார். அந்தக் கை பாதியில் நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"மனஸ்தாபம் இருக்குன்னு சொன்னேன். எதுக்குன்னு உங்களுக்கே தெரியும். நீங்களே சொல்லுங்க, மன்னிச்சிடறேன்."

"எதுவா இருந்தாலும் சிஸ்டர்..."

"எதுவா இருந்தாலும்னு ஒரு தப்பு உலகத்துல கிடையாது பிரதர். உதறாத துணியை உதறினோம்னு சொன்னது ஒன்னு. அப்புறம் மூணாவது நாள் ஒன்னு. எதைச் சொல்றீங்க?"

என் குரல் சாதாரணமாகவே பெரியது. பாட்டுக்காரர்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். ஸ்தோத்திரத்தின் முகத்தில் ஈயாடவில்லை. போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். அப்பம் வாங்கக் கூப்பிட்டபோது அவர் எழுந்து போனார். நான் போகவில்லை. இருபது வருஷத்தில் முதல் தடவை.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர், சண்டை என்றால் வியர்க்கும்.

"அவர்தான் இறங்கி வந்து கேட்டுட்டாரே சிஸ்டர். மன்னிச்சு விடறதுதானே முதிர்ச்சி?"

"முதிர்ச்சின்னா வாயை மூடிக்கிறதா பாஸ்டர்? அப்படின்னா எங்க ஆஸ்பத்திரி பிணவறையில இருக்கறவங்கதான் ரொம்ப முதிர்ச்சி."

அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "என்ன நடந்துதுன்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார். தெரியாமல் எதற்குத் தீர்ப்பு என்று கேட்டுவிட்டு வந்தேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை, துணி உலர்த்தும் மெஷின்களுக்குப் பின்னால் சந்து மாதிரி ஒரு இடம் உண்டு, அங்கே ஸ்தோத்திரம் என்னைக் கூப்பிட்டார். கூப்பிட்டதே "சிஸ்டர்" என்று. வேலையிடத்தில் அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. அழுதுவிட்டார். உதறாமல் போட்டது நான்தான், பயத்தில் பொய் சொன்னேன், கருவி கிடைத்ததும் திரும்பக் கொடுக்கப் போனால் பொய் வெளியே வந்துவிடும் என்று குப்பையில் போட்டுவிட்டேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் எதைக் கேட்டேனோ அதையே கொடுத்தார். எனக்கு மனம் குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை.

"இதை மடிக்கிற மேஜைகிட்ட, எல்லார் முன்னாடியும் சொல்லுங்க" என்றேன்.

"ரெண்டு வருஷத்துல ரிட்டயர் ஆகப் போறேன் சிஸ்டர். கர்த்தர் என்னை மன்னிச்சிட்டார். நீங்களும்..."

"கர்த்தரோட பையையா கொட்டிப் பார்த்தீங்க?"

எனக்குச் சொல்லத்தான் இன்னும் நிறைய இருந்தது, மெஷின் சத்தத்தில் பாதி அவருக்குக் கேட்டிருக்காது. கடைசியில், "நான் ஒருத்தி மட்டும் இல்ல, இதுல இன்னொருத்தியும் இருக்கா. ரெண்டு பேருமா வந்து நிப்போம், பார்த்துக்கங்க" என்று மிரட்டிவிட்டு வந்தேன்.

ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். புதுசும் நானும் ஒரே படகு. அவள் பெயரும் கெட்டது, என் பெயரும் கெட்டது. இரண்டு பேரும் சேர்ந்து போய் மேனேஜர் முன்னால் நின்றால் ஸ்தோத்திரம் எங்கே ஒளிவார்? விசாரித்ததில் அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பறை பெருக்கித் துடைக்கும் வேலையில் இருக்கிறாள் என்று தெரிந்தது. வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்த கையோடு பஸ் பிடித்துப் போனேன். நல்ல சேதி கொண்டுபோகிறவள் மாதிரிதான் போனேன், வெட்கக்கேடு.

பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அவள் ஒரு வகுப்பில் நாற்காலிகளை மேஜைமேல் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் வேலையை நிறுத்தவில்லை. நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். ஜல்லடையில் கிடைத்தது, ஸ்தோத்திரம் மறைத்தது, சந்தில் நின்று அழுதது.

"பார்த்தியா அந்த ஆளை? நம்ம ரெண்டு பேர் மேலயும் எப்படிப் பழி விழ வச்சிட்டார்! நீ என்கூட வா. சேர்ந்து போய்க் கேப்போம்."

அவள் இன்னொரு நாற்காலியைத் தூக்கிக் கவிழ்த்தாள்.

"அவரு என்னைப் பத்தி ஒன்னும் சொல்லலையேக்கா."

"என்ன?"

"உதறினாங்கன்னுதான் அவரு சொன்னாரு. இவ பையையும் பாருங்கன்னு சொன்னது நீங்க."

எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தவளைப் பார்த்துப் பேசுகிற பேச்சா இது? என் பை கொட்டிக் கிடந்தபோது என் நிலைமை என்ன என்று இவளுக்குத் தெரியாதா? அதெல்லாம் வாயில் வந்தது. பாதியைச் சொல்லவும் சொன்னேன். அவள் துடைப்பத்தை எடுத்தாள். சண்டையை முடித்துக்கொண்டு கிளம்பினால் போதும் என்று சொன்னேன்:

"சரி விடு. ஏதாவது மனசுல இருந்தா மன்னிச்சிடு."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அதே வார்த்தை, அதே இழுப்பு. கை மட்டும்தான் கொடுக்கவில்லை.

"ஏதாவது இல்லக்கா. ஒன்னே ஒன்னுதான். அது என்னன்னு உங்களுக்கும் தெரியும்" என்றாள் அவள். "நேரமாச்சு, நான் பெருக்கணும்."

வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன். என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக். இரைச்சல் அவருக்குப் பழக்கம். ஒரு மூடி அவர் காலடி வரை உருண்டு போனதும்தான் நிமிர்ந்து பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். என்னவோ நான்தான் அவளைக் காட்டிக் கொடுத்த மாதிரிப் பேசுகிறாள் என்றேன்.

"நீ சொன்னியா, இல்லையா?"

"கோபத்துல சொன்னேன்."

"சரி, கோபத்துல சொன்னே. சொன்னேதானே?"

"சொன்னேன்."

"அப்புறம் என்னத்துக்கு மூடியை உதைக்கறே?" என்று எடுத்து நீட்டினார்.

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. ஜெபிக்க முழங்கால் போட்டால், "ஆண்டவரே, ஏதாவது குறை இருந்தால் மன்னியும்" என்றே வாய் ஆரம்பித்தது. இருபது வருஷமாக அவரிடமும் அதையே சொல்லி வந்திருக்கிறேன். கையெழுத்துப் போடாத மனு மாதிரி. அன்றைக்கு வாயைக் கட்டிக்கொண்டு நடந்ததை மட்டும் நடந்தபடி சொல்லிப் பார்த்தேன். பொய் சொன்னவர் என் மேலே இருந்தார். அவரைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. எனக்குக் கீழே ஒருத்தி இருந்தாள், அவளைச் சொல்லப் பயமே இல்லை. என் கோபம் ஊருக்கே பேர் போன கோபம். அது மேலே ஏறத் தெரியாமல் கீழே இறங்கியிருக்கிறது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஸ்தோத்திரத்தைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்த எனக்கு அழுகைகூட வரவில்லை, என்மேலேயே எரிச்சல்தான் வந்தது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மெஷின்களை ஓட விடுவதற்கு முன்னால், அன்றன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்க எல்லாரும் மடிக்கும் மேஜையைச் சுற்றி நிற்போம். மேனேஜரும் அன்றைக்கு இறங்கி வந்திருந்தார். ஸ்தோத்திரம் வேலைப் பட்டியல் அட்டையோடு வந்து நின்றார். என்னைக் கண்டதும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். நான் புதுசையும் கூட்டிக்கொண்டு வந்து நிற்பேன் என்று பயந்திருந்தாரோ என்னவோ.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. "அந்தக் காது மெஷின் காணாமப் போன அன்னைக்கு, புதுசோட பையையும் பாருங்கன்னு சொன்னது நான். அவ எடுத்ததை நான் பார்க்கல. எடுத்திருப்பான்னு நினைக்கவும் இல்ல. என் பையைக் கொட்டின அவமானத்துல, எல்லார் கண்ணும் என்னைவிட்டு வேற பக்கம் போகணும்னு அவளைக் கைகாட்டினேன். அவ போனதுக்கு அப்புறமும் ஓடிட்டா, ஓடிட்டான்னு உங்ககிட்ட எல்லாம் சொன்னேன். அவ எடுக்கல. அந்த ரொட்டி, நானும் எடுத்துட்டுப் போவேன்."

விரிப்புக்கு இஸ்திரி போடும் ரோலர் மெஷினில் என்னோடு நிற்கிறவள் கேட்டாள்:

"அவ எடுக்கலன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

என் நாக்கின் நுனியில் இருந்தது. ஒரே வாக்கியம். சொல்லியிருந்தால் ஸ்தோத்திரம் அங்கேயே செத்திருப்பார், எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் போன தடவை இதே மேஜை முன்னால் என் பங்கை மறைக்க இன்னொருத்தியைக் கைகாட்டினேன். இந்தத் தடவை என் பங்கைச் சொல்லி முடித்த சூட்டோடு இன்னொருத்தரைக் கைகாட்டினால் நான் சொன்னதற்கே அர்த்தமில்லாமல் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சும்மா நிற்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"கெடைச்சுது" என்றார் ஸ்தோத்திரம். அட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஜல்லடையில. மூணாவது நாளே."

கெடைச்சுதாம்! தானாக நடந்து வந்து கிடைத்தது போல! எனக்குள் விசில் கிளம்பிவிட்டது. அவரும் அதைக் கேட்டாரோ என்னவோ, அட்டையை மேஜையில் வைத்துவிட்டு மேனேஜரைப் பார்த்தார்.

"நான்தான் சார் மறைச்சேன். பாதித் துணியை உதறவே இல்ல. நான் அள்ளிப் போட்டேன். உதறினாங்கன்னு பொய் சொன்னேன்."

அன்றைக்கு ஸ்தோத்திரம் என்று அவர் ஒரு தடவையும் சொல்லவில்லை. மேனேஜர் அவரை மாடிக்கு அழைத்துப் போனார். சூப்பர்வைசர் பதவி போயிற்று. கிடங்கில் சோப்புத்தூள் மூட்டைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் போட்டார்கள். எனக்குச் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். மூட்டையை இழுக்க முடியாமல் இழுக்கும் மனிதரைப் பார்க்க எரிச்சலாகத்தான் இருந்தது, போய் ஒரு பக்கம் பிடித்தேன். கோபம் போய்விட்டதா என்றால் இல்லை. மூட்டையையும் பிடித்துக்கொண்டு கோபமாகவும் இருக்க முடிகிறது.

அந்த வாரமே மறுபடி பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அவள் வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஈரத்தில் கால் வைக்காமல் ஓரமாக நின்று, மேஜை முன்னால் சொன்னதை வார்த்தை மாறாமல் அவளிடமும் சொன்னேன். மேலே இருக்கிறவரைச் சொல்லப் பயந்து உன்னைச் சொன்னேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். ஸ்தோத்திரம் ஒத்துக்கொண்டதையும் சொன்னேன். மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை.

அவள் துடைப்பதை நிறுத்தினாள்.

"யார் யாரு இருந்தாங்க?"

ஒவ்வொருவராகச் சொன்னேன். ரோலர்காரி, மடிக்கிறவர்கள், தள்ளுவண்டிக்காரர், மேனேஜர். அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். எட்டில் நின்றுவிட்டது.

"பையைக் கொட்டின அன்னைக்கு மதிய ஷிப்ட்டுக்கு வந்த ரெண்டு பேரு வாசல்ல நின்னு பார்த்தாங்க. அதுல ஒரு அம்மா எங்க தெருவுலதான் இருக்காங்க. இன்னைக்கும் என்னைப் பார்த்தா பையைக் கக்கத்துல இடுக்கிக்கறாங்க."

எனக்கு மறந்தே போயிருந்தது. அவளுக்கு மறக்கவில்லை.

"அவங்ககிட்டயும் சொல்லுங்க" என்றாள். குரலில் கெஞ்சலும் இல்லை, அதட்டலும் இல்லை.

சுருக்கென்று வந்தது. இவ்வளவு சொல்லியும் போதவில்லையா, இன்னும் எத்தனை பேர் முன்னால் நான் நிற்க வேண்டும் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. மணியைப் பார்த்தேன். நாலரை. மதிய ஷிப்ட்டில் இப்போது டீ இடைவேளை முடிந்து எல்லாரும் மேஜைக்கு வந்திருப்பார்கள்.

"சரி" என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்கப் போனேன்.